தூளிக்கு மேல் நின்ற மூச்சு

அலைவாய் நகர் எச் பிளாக்கில் காற்று நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள், தண்ணீர் லாரி வந்து போய் குடங்களெல்லாம் மாடியேறி முடிந்த மத்தியான வேளையில். தினமும் அந்த நேரத்துக்கு, ஒரு மணி முன்னே பின்னே ஆனாலும், கடல் காற்று கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி, சாம்பல் மேட்டைத் தாண்டி, எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வராததோடு விட்டிருந்தால் ஃபேனைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார்கள், ஆனால் உள்ளே இருந்த காற்றும் வெளியே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறியவர்கள், செவ்வாய்க்கிழமை வறுத்த நெத்திலிக் கருவாட்டின் வாசனை, வறுத்தவள் வீட்டு வாசலிலேயே இம்மியும் குறையாமல் நிற்பதைக் கண்டார்கள்.

அப்புறம்தான் மூச்சுகளைக் கவனித்தார்கள். விட்ட மூச்சு விட்ட இடத்திலேயே நின்றது. படியேறி வந்து இரண்டாம் திருப்பத்தில் இளைப்பாறுகிறவர்கள் அங்கே ஒரு மூச்சை விட்டுவிட்டுப் போனார்கள்; பின்னால் வருகிறவர்கள் தெரியாமல் அதற்குள் முகத்தைக் கொடுத்து, வெதுவெதுப்பாக ஒன்று கன்னத்தில் படவும், இது பீடி குடிக்கிற தணிகாசலத்துடையது, இது காலையில் பழையதும் வெங்காயமும் சாப்பிட்டவளுடையது என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்கள். லாரிப் புகைக்கும் கரித்தூசிக்கும் போக வழியில்லாததால் அவை அந்த மூச்சுகளின் மேலேயே படிந்தன, வெயில் நாள் முழுக்கக் காய்ச்சியது, இரவில் சுவர்கள் தங்கள் பங்குக்குச் சூட்டைக் கக்கின. ஒரே வாரத்தில் ஒவ்வொரு மூச்சும், ஆறிய பாலில் ஆடை கட்டுகிற மாதிரி, சாம்பல் நிற ஆடை கட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது.

யாரும் பயப்படவில்லை. ஊருக்கு நடுவிலிருந்து அள்ளிக்கொண்டுவந்து இங்கே கொட்டப்பட்ட நாளிலிருந்து, வராத தண்ணீருக்கும் ஓடாத லிஃப்டுக்கும் எரியாத விளக்குக்கும் பழகிய சனம், ஓடாத காற்றுக்கும் பழகிக்கொண்டது. சங்கத் தலைவர் நாகூர்கனி, படிக்கட்டில் தும்மக் கூடாது, தும்மல் வந்தால் மொட்டைமாடிக்குப் போகவும் என்று நோட்டீஸ் எழுதி ஒட்டினார். குடித்துவிட்டு வந்து குடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிற புருஷன்மார்களின் பிழைப்பு கெட்டது, ஏனென்றால் சத்தியம் செய்த மூச்சு மறுநாள் காலைவரை வாசலில் நின்று நாறியது. போன மாதம் புருஷனைச் சாகக் கொடுத்த ஒருத்தி, ஒரு மாதம் முன்னாலேயே இந்தக் காற்று நின்றிருக்கக் கூடாதா என்று அழுதாள். வழி கேட்டு வருகிறவர்களிடம், கிராம்பு வாசனை வருகிற இடத்தில் இடது பக்கம் திரும்பு என்று குழந்தைகள்கூடச் சொன்னார்கள். கவுன்சிலர் கல்யாண மண்டபத்து ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அது இரண்டு நாள் சுற்றி, தூசியைக் கிளப்பிவிட்டு, ஒரு மூச்சைக்கூட அசைக்க முடியாமல் திரும்பிப் போனது.

அந்தக் கிராம்பு வாசனை சம்பூர்ணத்துடையது. எச் பிளாக்கில் அவளைப் பூரணக்கா என்பார்கள். மெயின் ரோட்டு மாவு மில்லில் பதினெட்டு வருஷமாக மிளகாய் அரைக்கிறவள், அந்தத் தூசி இருமலுக்கு எப்போதும் வாயில் ஒரு கிராம்பு வைத்திருக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆனால் பிளாக்கில் பிறந்த எந்தப் பிள்ளையும் அவள் கை படாமல் வளர்ந்ததில்லை, ஏனென்றால் அவளுடையது ராசியான கை. குழந்தை பால் குடிக்காவிட்டால், காரணமில்லாமல் வீரிட்டு அழுதால், பூரணக்கா வந்து உப்பையும் மிளகாயையும் உள்ளங்கையில் மூடி மூன்று முறை சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லையென்றால் கண் பட்டிருக்கிறது, அதை அவள் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். நெடி ஏறி எல்லோரும் இருமினால் கண் இல்லை, வேறு ஏதோ சில்லறைக் கோளாறு, சரியாகிவிடும் என்று அர்த்தம். எப்படிப் போனாலும் தாய்க்காரிகளுக்கு நிம்மதி, அவளுக்கு ஒரு டம்ளர் காபி. அந்தக் காபிக்காக அவள் போகவில்லை. மில்லில் அவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இங்கே வாசலில் நின்றாலே, வாங்கக்கா, உங்களத்தான் பார்த்துட்டு இருந்தேன் என்பார்கள். அதற்காகப் போனாள்.

காற்று நின்ற இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. வராமல் என்ன செய்யும்? வெளியே தலைகாட்ட முடியாத வெயில், ஜன்னலைத் திறந்தால் கரித்தூசி, அதனால் எல்லோரும் கதவைச் சாத்தி, ஜன்னலில் ஈரப்புடவையைக் கட்டி, ஏர்கூலர் இருக்கிற வீட்டில் ஒன்பது பேர் பத்துப் பேர் என்று அடைந்து கிடந்து, ஒருவர் விட்டதை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்டையில் கீறல் விழுந்தது. திங்கட்கிழமை முதுகெலும்புக்குள் யாரோ வெந்நீர் ஊற்றிய மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் மிளகாய்த் தூசியில் இருமியவளுக்கு மில் இருமல் எது, இது எது என்று தெரியாதா? நன்றாகத் தெரிந்தது. ஆனால் இருமலைக் கேட்டவர்களிடமெல்லாம் மில்லுத் தூசி என்றாள், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டாள், இருமல் கொஞ்சம் அடங்கியது.

புதன்கிழமை சாயங்காலம் நாலாவது மாடி செவ்வந்தி ஆளனுப்பினாள். இருபத்து மூன்று வயசுப் பெண், டிரெய்லர் லாரி ஓட்டுகிற டில்லியின் மனைவி, ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. குழந்தை தன்ஷிகா காலையிலிருந்து பால் குடிக்காமல் சிணுங்குகிறாள், அக்கா கொஞ்சம் வந்துவிட்டுப் போகணும். இன்றைக்கு முடியாது, எனக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஜே பிளாக்கில் அமலோற்பவம் என்று ஒருத்தி புதிதாகக் குழந்தைகளுக்குத் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்திருந்தாள், அவள் கை ரொம்ப விசேஷம் என்று பேச்சும் கிளம்பியிருந்தது. தான் போகாவிட்டால் செவ்வந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள், நாளைக்கு இன்னும் நாலு பேர் போவார்கள். சம்பூர்ணம் கிராம்பை ஒன்றுக்கு இரண்டாக அடக்கிக்கொண்டு மாடியேறினாள்.

சாத்திய வீட்டுக்குள் சூடு ஆளை அமுக்கியது. குழந்தை தூளியில் கிடந்தது. பூரணக்காவின் குரலைக் கேட்டதும் சிணுங்கலை நிறுத்திவிட்டுக் கையை நீட்டியது, ஏனென்றால் தினமும் மில் விட்டு வந்ததும் அவள்தான் அதைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருப்பாள். சம்பூர்ணம் தூளிக்குள் குனிந்து, எதிர்வீட்டுக் கண்ணு, எடுபட்ட கண்ணு, ஏறிவந்த கண்ணு, இறங்கிப்போன கண்ணு என்று இழுத்து இழுத்துச் சொல்லி மூன்று முறை சுற்றினாள். குழந்தைக்குத் துப்பத் தெரியாதென்று அதற்காக இவளே தூ தூ தூ என்றாள். பிறகு மிளகாயை அடுப்பில் போட்டாள். போக வழியில்லாத வீட்டில் நெடி குபீரென்று ஏறியது, செவ்வந்தி இருமினாள், குழந்தை இருமியது, சம்பூர்ணம் மூன்று நாளாகப் பல்லைக் கடித்து அடக்கிவைத்திருந்த இருமலையெல்லாம் அந்தச் சாக்கில், தூளியின் பக்கத்திலேயே நின்று, வயிறு வலிக்க இருமித் தீர்த்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது அப்போது! அந்தச் சுகத்தைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"நெடி ஏறிடுச்சு, கண்ணு கிண்ணு ஒண்ணும் இல்ல. வெக்கைதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அக்கா இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள் என்று செவ்வந்தி இரண்டு நாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையின் விலாவில் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது, டில்லி லாரியை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோ பிடித்தான். பெரியாஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு போய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

மறுநாள் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தாள். மாற்றுத்துணி எடுக்க வந்திருந்த செவ்வந்தியை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தாள்; சம்பூர்ணம் பக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தூசி நெஞ்சைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது, புண்ணான இடத்தில் கிருமி சுலபமாக ஒட்டிக்கொள்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் எல்லோருக்கும் வரும் என்று நர்ஸ் சொன்னாள். அப்புறம் நோட்டைத் திறந்தாள்.

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா? இருமலோட, ஜலதோஷத்தோட?"

"யாரும் வரலம்மா. பூரணக்கா மட்டும்தான். அவங்க எங்க வூட்டு மனுசி" என்றாள் செவ்வந்தி.

நர்ஸ் சம்பூர்ணத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு உடம்பு எதுனா?"

"மில்லுத் தூசிதான்மா" என்றாள் சம்பூர்ணம். சொன்ன மூச்சு மூக்குக்கு எதிரிலேயே நின்றது. நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சம்பூர்ணத்தை உயிரோடு கொன்றது. உள்ளே போன செவ்வந்தி, காலியான தூளிக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், சாம்பல் ஆடை கட்டிய ஒரு மூச்சு நிற்பதைப் பார்த்தாள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள், கிராம்பு வாசனை வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உங்க மூச்சுக்கா. எம்புள்ளைக்குக் காவலா நின்னுகிட்டே இருக்கு பாருங்க. இது இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆவாது."

சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, யாரும் அந்த மூச்சைக் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். சும்மா பார்த்துக்கொள்ளவில்லை, தூளிக்குக் கீழே அரிசி மாவில் ஒரு கோலம் போட்டாள். அவள் பேரனுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவனைக் கொண்டுவந்து அந்த மூச்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அன்றைக்கென்று அவன் ஒரு தட்டு சோறு தின்றான். அவ்வளவு போதாதா? மறுநாள் ஐந்து பேர் பிள்ளைகளோடு வந்தார்கள், அதற்கு மறுநாள் வரிசை மூன்றாம் மாடி வரைக்கும் நின்றது, நாகூர்கனி வந்து டோக்கன் முறை வைக்கலாமா என்று யோசித்தார், ஜே பிளாக்கிலிருந்து அமலோற்பவமே தன் தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சம்பூர்ணம் இத்தனை வருஷம் எதை ஆசைப்பட்டாளோ அது வீடு தேடி வந்து வாசலில் வரிசை கட்டி நின்றது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எதிர்வீட்டுப் பேரனுக்கும், வரிசையில் நின்ற இன்னும் மூன்று குழந்தைகளுக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது.

வரிசை இல்லாத உச்சிவெயில் நேரத்தில் அவள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முறத்தால் விசிறிப் பார்த்தாள், மூச்சு அசையவில்லை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், துணிதான் கறுத்தது. விட்டவள் திரும்ப இழுத்தால் வருமோ என்று தோன்றியது. முக்காலி போட்டு ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பாக அதை உள்ளே இழுத்தாள். வந்தது. கிராம்பும் கரியும் மிளகாயும் அந்தப் புதன்கிழமையின் காய்ச்சலும் சேர்ந்து தொண்டையில் இறங்கின, ஒரு நிமிஷம் தூளிக்கு மேலே வெறும் இடமாக இருந்தது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் நெஞ்சு குமட்டி இருமல் வந்தது. எவ்வளவோ அடக்கினாள். அடக்க முடியாமல் இருமினாள், மூச்சு திரும்பவும் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாகப் போய் நின்றுகொண்டது.

யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடுகிற காரியம் இல்லை இது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இனி எந்தக் கதவும் வாங்கக்கா என்று திறக்காது.

சனிக்கிழமை காலை, வரிசை நிற்கும்போதே போய், செவ்வந்தி வீட்டு வாசலில் குறுக்கே நின்றாள்.

"யாரும் உள்ள போவாதீங்க. அது காவலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது என் காய்ச்சல். எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு இங்க வந்தேன். மில்லுத் தூசின்னு சொன்னது பொய்."

வரிசையில் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். அக்காவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறதல்லவா, அந்த வருத்தத்தில் பேசுகிறாள் என்றாள் இன்னொருத்தி. நாகூர்கனி அவள் தோள் பக்கமாக வந்து நின்று, விடுங்கக்கா, இந்த பிளாக்கில் யார் மூச்சு யாருக்குள் போகாமல் இருக்கிறது, எல்லாருக்கும் எல்லாராலும்தான் வந்தது என்று ஆறுதல் சொன்னார். அது பொய்யும் இல்லை. அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைச் சொன்னால் வெட்கம்.

அப்போது கீழே இருந்து செவ்வந்தி ஏறி வந்துகொண்டிருந்தாள், துவைத்த துணி எடுத்துப்போக. சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. வரிசை விலகி வழிவிட்டது.

"தெரிஞ்சேதான் வந்தீங்களாக்கா?"

"தெரிஞ்சேதான்."

"நர்ஸம்மா கேட்டப்போ எம்பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

செவ்வந்தி திட்டவில்லை. உள்ளே போய்த் துணியை எடுத்தாள், தூளியை அவிழ்த்துச் சுருட்டி ஒரு மூலையில் போட்டாள், கதவைப் பூட்டினாள், சாவியை யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். "டாக்டர் தினமும் கேக்குறாரு, எப்படி வந்துச்சுன்னு. வந்து நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்கள். அவர்கள் போய்க்கொண்டிருந்தபோதே எச் பிளாக்குக்குக் கடல் காற்று வந்துவிட்டதாம். கொடியில் துணி ஆடியதாம், மூச்சுகளெல்லாம் மாடிமாடியாகப் புரண்டு வெளியே போயினவாம், ஜனங்கள் கைதட்டினார்களாம், சிலர் அழுதார்களாம். ஃபோனில் சொன்னார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், தூங்காத கண்ணோடு இருந்தார். சம்பூர்ணம் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், புதன்கிழமை, கிராம்பு, மிளகாய், நர்ஸ், ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் பிளாக்கிலிருந்து மட்டும் இருபத்தேழு பேர் வந்திருக்கிறார்கள், அந்தப் புகையிலும் சூட்டிலும் யாரிடமிருந்து யாருக்கு என்று எங்களாலேயே சொல்ல முடியாது, உங்களிடமிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், நீங்களாகத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். செவ்வந்தியின் முகம் கொஞ்சம் இளகியது. கேஸ் தாளைப் புரட்டிக்கொண்டே டாக்டர், யாரையும் குத்திக்காட்டுகிற எண்ணமில்லாமல், "ரெண்டு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார்.

அந்த இரண்டு நாளை மட்டும் யார் தலையிலும் பங்குபோட முடியாது என்று சம்பூர்ணத்துக்குத் தெரிந்தது. செவ்வந்திக்கும் தெரிந்தது.

குழந்தைக்கு அன்று காலையில்தான் ஆக்சிஜனை எடுத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள், ஆனால் நெஞ்சு பலவீனமாகவே இருக்கும், ஒவ்வொரு வெயிலுக்கும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளணும் என்றார்கள். டில்லி வெளியே போயிருந்தான். செவ்வந்தி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டிய தடம் சிவப்பாக இருந்தது, கை கால் எல்லாம் குச்சியாக இளைத்திருந்தன. வார்டு வாசலிலேயே நின்றிருந்த சம்பூர்ணம், நான் கிளம்புறேன் செவ்வந்தி என்றாள்.

குரலைக் கேட்டதும் குழந்தை தலையைத் திருப்பியது. அவளைத் தேடிக் கண்டுபிடித்தது. பல் முளைக்காத வாயைத் திறந்து சிரித்து, தூக்கிக்கொள் என்று இரண்டு கையையும் நீட்டியது. செவ்வந்தி பழக்கத்தில் ஓரடி முன்னால் வைத்தாள். வைத்த பிறகு நின்றாள். சம்பூர்ணம் முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டு, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

குழந்தை நீட்டிய கையை மடக்கவே இல்லை.